காதில் எதுவும் இருக்கக் கூடாது

மோன்தே வாடோ, தெற்கு கோவா
ஜூலை 6

இனாஸ் அண்ணாவுக்கு,

அந்தக் காரை நீ ஓட்டவில்லை.

இதை எழுதிய பிறகுதான் நலம் விசாரிக்க மனம் வருகிறது. சாப்பாடு இறங்குகிறதா? முதுகுவலி எப்படி இருக்கிறது? மாய்க்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "என் மகனே" என்று சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஒன்றுமில்லை.

இதை நேரில் கேட்கத்தான் சிறைக்கு வந்தேன். வாசலில் இருந்தவர், "தங்கச்சி பேரு இல்லம்மா. அம்மா மட்டும் வந்தா போதும்னு கைதி எழுதிக் கொடுத்துட்டான்" என்றார். என் முகத்தைப் பார்க்க உனக்குப் பயம். அதனால் தபாலில் வருகிறேன்.

உன் துணியைக் கொடுக்க போலீஸ் நிலையத்துக்குப் போனபோது அந்தக் காரைப் பார்த்தேன். மழையில் நின்றது. ஹனுமந்தப்பாவின் ரொட்டிக்கூடையிலிருந்து ஒரு பிரம்பு இன்னும் பம்பரில் சிக்கியிருந்தது. ஓட்டுகிறவர் இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளப்பட்டிருந்தது. நீ ஸ்டியரிங்கை மார்போடு கட்டிக்கொண்டு ஓட்டுகிறவன். உன் முதலாளி மெஹ்ரோத்ரா ஆறடிக்கு மேல். அங்கே உட்கார்ந்தால் உன் கால் பிரேக்கைத் தொடாது. இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டான். இப்ப என்ன, சீட்டைக் கூப்பிட்டு விசாரிக்கணுமா?" என்று சிரித்தார்.

சர்ச் பெருநாள் இரவு பேண்டு வாசித்துவிட்டு, குடித்துவிட்டு, முதலாளிக்குத் தெரியாமல் காரை எடுத்தாய், விடியற்காலையில் ரொட்டிக்காரன் ஹனுமந்தப்பாமேல் ஏற்றிக் கொன்றாய், நிற்காமல் போய்விட்டாய். உன் வாக்குமூலம் இதுதானாம். முதலாளி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாராம்.

நேற்று அவர் நம் வீட்டுக்கு வந்தார். இரண்டு விரலால் தூக்கிவிடக்கூடிய ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தார். "அவிதா, பீச்ல லைஃப்கார்டா நின்னு எத்தனை பேரை இழுத்துப் போட்டிருக்கே? டிசம்பர்ல ட்ரையத்லான் இருக்கு, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் ஒரே போட்டி. நானும் இறங்கறேன், நீயும் இறங்கு. இனாஸ் குடும்பம் என் குடும்பம்" என்றார். மாய் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். சைக்கிளை நான் தொடவில்லை.

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.
அவிதா


சிறை
ஜூலை 21

அன்புத் தங்கை அவிதாவுக்கு,

கடவுள் கருணையில் நான் சுகம். உன் சுகமும் மாயின் சுகமும் அறிய ஆசை. இங்கே வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் பெரியவர்கள் படித்துவிட்டுத்தான் விடுகிறார்கள். அவர்களுக்கும் என் வணக்கம். இதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

காரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

சைக்கிளைத் தொடு. முட்டாள்தனம் செய்யாதே. உன்னைப்போல் நீந்துகிறவளுக்கு இப்படி ஒரு கதவு எத்தனை தடவை திறக்கும்? மழையில் பிரேக்கை முன்கூட்டியே பிடி. உன் போனில் நம் பேண்டு வாசித்தது எல்லாம் இருக்கிறதே, அதைக் காதில் போட்டுக்கொண்டு பழகு. கல்யாண ஊர்வல மெட்டு சைக்கிளுக்குச் சரியாக வரும். ஓட்டத்துக்கு, பெருநாள் முடிந்து வீடு திரும்பும்போது வாசிப்போமே, சாந்தான் டிரம்மை உடைக்கிற மாதிரி அடிப்பானே, அதைப் போடு. அவன் தாளம் தப்புகிற இடத்தில் நீயும் தப்பிவிடாதே. சாவு ஊர்வல மெட்டு மட்டும் வேண்டாம். அதை அழித்துவிடு.

இங்கே மீன் என்று ஒன்று தருகிறார்கள். மீனுக்குத் தெரிந்தால் வழக்குப் போடும்.

மாய்க்கு முத்தம்.
இனாஸ்


மோன்தே வாடோ
ஆகஸ்ட் 12

இனாஸ் அண்ணாவுக்கு,

உன் மீனும் நீயும் நலமா? மாயின் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. எனக்குத் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன.

ஆமாம், ஏறிவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. அது தாழ்வாரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கோபத்தில் எடுத்துக்கொண்டு முனை மேடு வரை போனேன், திரும்பி வரும்போது கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கடல் கொந்தளிப்பு அடங்கும்வரை குளத்தில் நீந்துகிறோம். மெஹ்ரோத்ராவின் பயிற்சிக் குழுவில் டாக்டர், ஹோட்டல்காரர், கம்ப்யூட்டர்காரர்கள். எல்லோரும் நல்லவர்கள்தான், என் பெயரைத்தான் மறந்துவிடுகிறார்கள். "டிரைவரோட தங்கச்சி" என்கிறார்கள். மெஹ்ரோத்ரா புது வாட்ச் வாங்கிவிட்டு, பயிற்சிக்குக் கட்டிய பழையதை என்னிடம் தந்தார். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், நெஞ்சு எப்படி அடிக்கிறது, எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொள்ளும்.

காதில் உன் ட்ரம்பெட். நீ மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்கிறது. மேட்டில் ஏறும்போது நீ மூச்சு இழுக்கிற இடத்தில் நானும் இழுக்கிறேன். ஆனால் போட்டியன்று காதில் எதுவும் இருக்கக் கூடாதாம். இருந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பின்னால் வருகிற வண்டியும் கத்துகிற ஆளும் கேட்க வேண்டுமாம்.

ஹனுமந்தப்பாவின் மனைவி சங்கவ்வா இப்போது ரொட்டி விற்கிறாள். அதே சைக்கிள்தான், பின்சக்கரத்தை மட்டும் மாற்றியிருக்கிறாள். ஓட்டத் தெரியாது. தள்ளிக்கொண்டே வாடோ முழுக்க, தெருத் தெருவாக நடக்கிறாள். சர்ச் வாசலில் அந்தோனெத் மாமி சொன்னாள்: "பாவம்தான். ஆனா நம்ம ஆளு இல்லையே, கர்நாடகாக்காரங்கதானே. நாலு காசு கொடுத்தா ஊருக்குப் போயிடுவா." நான் கேட்டேன், "அந்த ஆளு சுட்ட ரொட்டியைத் தின்னப்ப அது எந்த ஊருன்னு கேட்டீங்களா மாமி?" மாய் என் கையைக் கிள்ளினாள்.

வக்கீல் உனக்கு ஜாமீனே கேட்கவில்லை. ஏன் என்று யோசித்தாயா? அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அவிதா


சிறை
செப்டம்பர் 2

அன்பு அவிதாவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல். சுதந்திர தினத்தன்று இங்கே ஒரு நசுங்கிய பியூகிள் குழலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். உதடு பழக்கம் விட்டுப் போயிருக்கிறது, வெடித்து ரத்தம் வந்தது. அதிகாரி கைதட்டினார். அடுத்த குடியரசு தினத்துக்கும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அப்போதும் இங்கேதான் இருப்பேன் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

காதில் எதுவும் கூடாது என்றால் இப்போதே வாரத்தில் பாதி நாள் சும்மா ஓடிப் பழகு. பேண்டில் புதுப் பையனுக்கு அப்படித்தான் சொல்லித் தருவோம். வாத்தியத்தை வாங்கி வைத்துக்கொண்டு, காலால் மட்டும் மெட்டை நடக்கச் சொல்வோம். நின்றுபோகாமல் தெருமுனை வரை போய் வந்தால்தான் கையில் ட்ரம்பெட்.

அந்தப் பேப்பரில் சார் கையெழுத்துப் போட்டுவிட்டாரா? மாயிடம் கேட்டு எழுது. வேறு ஒன்றும் இல்லை.

மாய்க்கு முத்தம். மேட்டில் நின்று மிதிக்காதே, உட்கார்ந்து மிதி.
இனாஸ்


மோன்தே வாடோ
செப்டம்பர் 14

இனாஸ்,

உன் உதடு ஆறிவிட்டதா? தேங்காய் எண்ணெய் தடவு. எங்கள் சுகத்தைக் கேட்காதே.

எந்தப் பேப்பர் என்று மாயிடம் கேட்டேன். மாய் கொதிக்கிற சோற்றை இறக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "உங்க அப்பா ஆயுசு பூரா பண்ணையார் வாசல்ல தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. அந்தப் பண்ணையார் நிலத்தை வித்தப்பக்கூட நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. இப்ப வாங்கினவன், இனாஸோட முதலாளி, தானே வந்து கேட்டான், இந்த வீடு நிக்கிற மண்ணை உங்க பேருக்கே எழுதித் தரேன்னு. இனாஸ்தான் சரின்னான். நான் சொல்லலைடி. நான் வேணாம்னும் சொல்லலை."

சோறு கருகியது. அதையே சாப்பிட்டோம்.

மூன்று தலைமுறையாக நாம் குடியிருக்கிற வீடு. சட்டப்படி ஏற்கெனவே நமக்கு உரிமை இருக்கிற மண். நம்மிடம் இருப்பதையே நமக்கு விற்றிருக்கிறான். அதற்கு விலை நீ. இந்தச் சைக்கிள் என்ன, மேலே போட்ட கொசுறா?

இதை அங்கே படிக்கிற பெரியவர்கள் நன்றாகப் படிக்கட்டும். என் கையெழுத்து புரியவில்லை என்றால் கூப்பிடட்டும், வந்து வாசித்துக் காட்டுகிறேன்.

நீ பதில் எழுதும்வரை அந்தச் சைக்கிளில் ஏற மாட்டேன்.
அவிதா


சிறை
அக்டோபர் 19

அன்புத் தங்கைக்கு,

ஒரு மாதம் எழுதவில்லை. காய்ச்சல். இப்போது பரவாயில்லை. நீ நலமா, மாய் நலமா?

மாயிடம் சண்டை போடாதே. அவள் இந்தத் தடவை பார்க்க வந்தபோது மெலிந்திருந்தாள். நீ சைக்கிளில் ஏறுவதில்லை என்று சொன்னாள். அவிதா, இங்கே காலையில் ஆள் எண்ணி முடித்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை. இந்நேரம் நீ முனை மேட்டில் இருப்பாய், எந்த மெட்டு ஓடும் என்று நினைத்துக்கொண்டு விரலைச் சுவரில் தட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் படுத்திருப்பவன் திட்டுவான். ஒரு மாதமாக நீ ஏறவே இல்லை என்று தெரியாமல் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏறு. இது ஒன்றுதான் கேட்கிறேன்.
இனாஸ்


மோன்தே வாடோ
நவம்பர் 8

இனாஸ் அண்ணாவுக்கு,

காய்ச்சல் திரும்பவில்லையே? கஞ்சி கேட்டால் தருகிறார்களா? மாய் தேறிவிட்டாள்.

ஏறினேன். ஏறியதால்தான் இது கிடைத்தது. கவனமாகப் படி.

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. சைக்கிள் பயிற்சி முடிந்ததும் வாட்சை நிறுத்த மறந்துவிட்டுக் காரில் ஏறிவிடுவோம். வாட்ச் பாவம், இன்னும் மிதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே வரும். மறுநாள் எல்லோரும், "நேத்து யாருப்பா தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்துல மிதிச்சது? காலா, இன்ஜினா?" என்று ஓட்டுவார்கள்.

முனை மேட்டை மெஹ்ரோத்ரா எவ்வளவு வேகத்தில் ஏறினார் என்று பார்க்க, இந்தப் பழைய வாட்சில் பின்னோக்கிப் போனேன். போனில் இருப்பதை அழித்திருப்பார். வாட்ச் வயிற்றுக்குள் இருப்பதை அழிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அல்லது டிரைவரின் தங்கச்சிக்கு அதைத் திறந்து பார்க்கத் தெரியாது என்று நினைத்திருப்பார்.

ஜூன் முப்பது, ஹனுமந்தப்பா செத்த நாள். விடிவதற்கு முன்னால் முனை மேட்டுக்கு மிதித்துப் போய்த் திரும்பியிருக்கிறார். காரில் ஏறிய பிறகும் வாட்ச் வரைகிற பாதைக் கோடு நிற்கவில்லை. கடற்கரைச் சாலையில் தொண்ணூறைத் தாண்டுகிறது. ஹனுமந்தப்பா விழுந்த வளைவில் நிற்கிறது. கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது, இனாஸ். கார் நிற்காமல் போகவில்லை. பிறகு நேராக அவர் பங்களாவுக்குப் போகிறது. அவர் நெஞ்சு அடித்ததும் இருக்கிறது. வளைவில் எகிறுகிறது. பங்களா வாசல் வருவதற்குள் அடங்கிவிட்டது. மேட்டில் ஏறி இறங்கினால் எனக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் அடங்காது.

வக்கீலிடம் காட்டினேன். டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். "வாட்ச் ஓடியிருக்கு, சரி. யாரு கையில ஓடுச்சுன்னு வாட்ச் சொல்லுமா?" என்றார். "உங்க அண்ணனைக் கேளு. அவன் சொல்றதுதான் சாட்சி."

அதனால் கேட்கிறேன். சொல்.

சங்கவ்வாவிடமும் சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரிய வேண்டும்.
அவிதா


சிறை
நவம்பர் 24

அன்பு அவிதாவுக்கு,

நான் நலம். நீ நலமா?

வாட்சை அன்று நான்தான் கட்டியிருந்தேன். சார் கழற்றி வைத்ததை ஆசைப்பட்டு எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் காது வெறுமையாக இருக்கிறதே என்று பயப்படாதே. மெட்டை முழுவதும் நினைக்க முயலாதே. டிரம்மை மட்டும் நினை, மற்றது தானே வரும். போட்டிக்கு முந்தின நாள் இறால் சாப்பிடாதே, உனக்கு ஒத்துக்கொள்ளாது.

ஜனவரியில் என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவார்கள். நீ வர வேண்டாம்.
இனாஸ்


மோன்தே வாடோ
டிசம்பர் 15

இனாஸ் அண்ணாவுக்கு,

உனக்கும் உன்னோடு இருக்கிறவர்களுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. மாய் பலகாரம் கொடுத்து அனுப்புகிறாள். பாதியை வாசலிலேயே தின்றுவிடுவார்கள், பரவாயில்லை.

சர்ச் மேட்டில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற நீ, விடிவதற்குள் முனை மேட்டை ஏறி இறங்கினாயா? பொய் சொல்வதென்றால் கொஞ்சம் மூச்சு வாங்கியதாகவாவது சொல்லியிருக்கலாம்.

ஆனால் வாட்ச் இப்போது என்னிடம் இல்லை. நான் கடற்கரை வேலையில் இருந்தபோது மெஹ்ரோத்ரா ஆளை அனுப்பியிருக்கிறார். பட்டை மாற்றித் தருகிறேன் என்றானாம். மாய் என் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். "எதுக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கொடுத்தேன்" என்றாள். அடுத்த நாளே பத்திரம் வந்தது. கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாய் அதை மடித்து அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறாள். இனி உன் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

போட்டி நேற்று நடந்தது. நீ கேட்பாய், அதனால் எழுதுகிறேன். ஒன்றரை கிலோமீட்டர் கடலில் என் முன்னால் ஆண்கள் சிலர் மட்டும்தான். கரையேறும்போது லைஃப்கார்டு பையன்கள் விசில் அடித்தார்கள். பிறகு நாற்பது கிலோமீட்டர் சைக்கிள். ஹனுமந்தப்பா விழுந்த அந்த வளைவு வழியாகத்தான் பாதையைப் போட்டுவைத்திருந்தார்கள். சாலையை மூடி, ஓரத்தில் வாழைப்பழமும் தண்ணீரும் வைத்து, கைதட்ட ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். சங்கவ்வாவைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, "போட்டி முடியட்டும்மா, அப்புறம் போ" என்று போலீஸ்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை.

ஓட்டத்தில் நீ சொன்ன மாதிரி டிரம்மை நினைத்தேன். கொஞ்ச தூரம் வந்தது, அப்புறம் வரவில்லை. என் மூச்சும் காலடிச் சத்தமும் மட்டும்தான். பத்து கிலோமீட்டரும் அப்படியே ஓடினேன். பெண்களில் இரண்டாவது.

மெஹ்ரோத்ரா மைக்கில், "இவ எங்க குடும்பப் பொண்ணு" என்றார். பதக்கத்தை அவர்தான் போட்டார். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். முகத்தில் துப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஓடி வந்தவள், மூச்சு வாங்கிக்கொண்டு குனிந்து கொடுத்தேன். போட்டோ நன்றாக வந்திருக்கிறது. சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

வீடு வேண்டாம், இனாஸ். கூரை ஒழுகினால் வேறு கூரை தேடலாம். கோர்ட்டில் நீதிபதி கேட்கும்போது, 'நான் ஓட்டவில்லை' என்று சொல். சொல்வாய் என்று ஒரு வரி எழுது.
அவிதா


மோன்தே வாடோ
ஜனவரி 4

இனாஸ் அண்ணாவுக்கு,

புது வருடம் பிறந்துவிட்டது. நலமா? பலகாரம் கிடைத்ததா? மாய் தினமும் தபால்காரரைக் கேட்கிறாள்.

ஒரு வரி போதும்.
அவிதா


மோன்தே வாடோ
ஜனவரி 20

இனாஸ்,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை, கோர்ட்டில் பார்த்தேன். தாடி வளர்த்திருக்கிறாய். மாய் படுத்திருக்கிறாள், அதனால் வரவில்லை. பின்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியும். அதனால்தான் திரும்பவே இல்லை.

நீதிபதி கேட்டார். "ஒத்துக்கறேன் ஐயா" என்றாய். மெஹ்ரோத்ரா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் கொட்டாவி விட்டார். தீர்ப்பு அடுத்த மாதம் என்றார்கள்.

என் பக்கத்தில் சங்கவ்வா இருந்தாள். அங்கே பேசியது எதுவும் அவளுக்குப் புரியவில்லை. "என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

"தான்தான்னு சொல்லிட்டான்" என்றேன்.

அவள் அழவில்லை. யோசித்தாள். பிறகு வராந்தாவில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கார் கொஞ்ச நேரம் நின்னுச்சுன்னு சொன்னியே. அப்ப இறங்கிப் பார்த்திருப்பான்ல? அவருக்கு உயிர் இருந்துச்சா? அவரு அடிபட்டா முதல்ல தண்ணிதான் கேப்பாரு, சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். கேட்டாரா? என் பேரைச் சொன்னாரா? உன் அண்ணனைத் திட்ட மாட்டேன் தாயி. ஜெயிலுக்குப் போறவனைத் திட்டி என்ன ஆகப்போகுது. அதை மட்டும் கேட்டுச் சொல்லு."

அவளுக்கு எல்லாமே தெரியும். வாட்சைப் பற்றித் தெரியும், பத்திரத்தைப் பற்றித் தெரியும். இருந்தாலும் நீ நீதிபதி முன்னால் சொன்னதை அவள் நம்ப முயற்சி செய்கிறாள். ஏனென்றால் நீ அங்கே இருந்திருந்தால்தான் அவளுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் உண்டு. மெஹ்ரோத்ராவிடம் போய் அவளால் கேட்க முடியுமா? வாசல் நாய்கூட விடாது.

தினமும் காலையில் ரொட்டி தர வரும்போது என் முகத்தைப் பார்க்கிறாள். கேட்பதில்லை. பார்க்கிறாள்.

அங்கே இருந்தது நீதான் என்று சொல்லிவிட்டாய். நீ இல்லை என்று இனிமேல் நான் சொல்ல மாட்டேன், சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நீதான் ஓட்டினாய். நீதான் நிறுத்தினாய். நீதான் இறங்கினாய். அப்படியென்றால் எழுது.

ஹனுமந்தப்பா கடைசியாக என்ன கேட்டார்?

அவிதா